அடங்காத ஆவியும் அடக்கிய மனைவியும்: நடேச சாஸ்திரியின் பிரம்மராட்சசன் கதையும் மேல்மலையனூர்த் தொன்மமும்

ஆய்வுச் சுருக்கம்

1890ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த 'டேல்ஸ் ஆஃப் த சன்' என்னும் தென்னிந்திய நாட்டுப்புறக் கதைத்தொகுப்பில், பிரம்மராட்சசன் ஒருவனை வேலையாளாகப் பெற்ற நிலக்கிழாரின் கதை இடம்பெற்றுள்ளது. உலகின் பல பகுதிகளில் வழங்கும் கதைவகையைச் சேர்ந்த இக்கதை, பெரும்பாலும் சிறுவர் வேடிக்கைக் கதையாகவே கருதப்பட்டு வந்துள்ளது. செஞ்சியை அடுத்த மேல்மலையனூர் அங்காளம்மன் தொன்மத்துடனும், தென்னார்க்காட்டுப் பேயோட்டும் சடங்குடனும், 19ஆம் நூற்றாண்டின் வேளாண் உழைப்புச் சூழலுடனும் இதனை ஒப்பிட்டு, இதன் நகைச்சுவை எங்கிருந்து பிறக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நடேச சாஸ்திரி, பிரம்மராட்சசன், செஞ்சி, மேல்மலையனூர், கதைவகை, குடிமராமத்து.

முன்னுரை

தமிழ்க் கதை மரபில் மானிடர் அமானுடரைச் சந்திக்கும் இடங்கள் பல. வேதாளத்தைத் தோளில் சுமக்கும் விக்கிரமாதித்தனை அறியாதார் இலர். தமிழில் வழங்கிய வேதாளக் கதையை பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அது 1831இல் வெளிவந்தது. ஆயினும் விக்கிரமாதித்தன் மன்னன்; வீரமும் தெய்வ அருளும் வாய்த்தவன். அவன் வேதாளத்தை வெல்வதில் வியப்பு உண்டு; சிரிப்பு குறைவு. வீரமோ தவமோ இல்லாத ஒரு சாதாரண மனிதர் அமானுட ஆற்றலின் முன் நிற்கும்போதுதான் கதை வேறொரு சுவை கொள்கிறது. அத்தகையோர் எதைக் கொண்டு தப்புகின்றனர்? இவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

இதற்கு விடைகாண ஒரு கதையும் ஒரு வட்டாரமும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கதை, நடேச சாஸ்திரி வழியாக அச்சேறிய பிரம்மராட்சசன் கதை. வட்டாரம், முன்பு தென்னார்க்காடு மாவட்டத்திலும் 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கிய செஞ்சிப் பகுதி. கதை செஞ்சியில் தோன்றியது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. 'தென்னிந்திய நாட்டுப்புறவியல்' என்னும் பொருள்படும் துணைத்தலைப்புடன் வந்த தொகுப்பு அது. ஆவி, கூந்தல், மனைவி ஆகிய மூன்றும் தெய்வத் தொன்மத்திலும் நடைமுறைச் சடங்கிலும் செறிவாக இணைந்து நிற்கும் வட்டாரம் என்பதால், கதையைப் படிப்பதற்குரிய களமாகச் செஞ்சி தேர்ந்துகொள்ளப்பட்டது.

தொகுப்பின் வரலாறு

சங்கேந்தி மகாலிங்க நடேச சாஸ்திரி (1859–1906) தொல்லியல் அளவைத் துறையில் பணியாற்றியவர். ஜேம்ஸ் பர்ஜெஸுடன் இணைந்து தமிழ், வடமொழிக் கல்வெட்டுகளை வெளியிட்டவர். 'தீனதயாளு' முதலிய நாவல்களின் ஆசிரியராகத் தமிழ் இலக்கிய வரலாறு அவரை அறியும். 1884 முதல் 'ஃபோக்லோர் இன் சதர்ன் இந்தியா' என்னும் தலைப்பில் தென்னிந்தியக் கதைகளை ஆங்கிலத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டார். மதனகாமராசன் கதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1886இல் வந்தது. 1890இல் திருமதி ஹோவார்டு கிங்ஸ்கோட்டுடன் சேர்ந்து 'டேல்ஸ் ஆஃப் த சன்' நூலை வெளியிட்டார். இத்தொகுப்பின் சோதிடர் மகன் கதையை ஜோசப் ஜேக்கப்ஸ் தம் 'இந்தியன் ஃபேரி டேல்ஸ்' (1892) நூலில் எடுத்தாண்டார்.

கிங்ஸ்கோட் எழுதிய முன்னுரை கவனத்திற்குரியது. தொடக்கத்தில் அவர் தம் வீட்டுப் பணியாளர் வழியாகக் கதைகளைத் திரட்டினார். அவர்களோ கடைத்தெருக் கிழவியரிடம் கேட்டு வந்து சொன்னார்கள். அவ்வாறு கிடைத்த கதைகள் சிதைந்தவை எனக் கருதிய அவர், ஆங்கிலம் அறிந்த பிராமணரான நடேச சாஸ்திரியின் அறிமுகத்திற்குப் பின்னரே நிறைவு கொண்டார். முதியபெண்கள், பணியாளர், பண்டிதர், ஆங்கிலேயச் சீமாட்டி என்னும் வரிசையில் முதல் இரு நிலைகளும் குறையுடையனவாகக் காணப்பட்டன. 'சிதைவு' என்று தள்ளப்பட்டவற்றுள் வட்டார வழக்கும் பெண்டிர் சொல்முறையும் எவ்வளவு இருந்திருக்கும் என்ற எண்ணத்துடனேயே இத்தொகுப்பை இன்று அணுக வேண்டியுள்ளது.

கதைச் சுருக்கம்

பெருநிலம் உடைய ஒருவர் கடுங்கருமி. அவரிடம் பயிர்செய்ய எக்குடியும் மனமுவந்து வரவில்லை. நிலம் தரிசாயிற்று; ஏரியும் கால்வாய்களும் வறண்டன. செல்வம் நாளுக்கு நாள் தேய்ந்தபோதும், குடிகளுக்குக் கைதிறந்து கொடுத்து அவர்தம் நல்லெண்ணத்தைப் பெற அவருக்கு மனம் வரவில்லை. இந்நிலையில் வந்த துறவி ஒருவர் மந்திரம் ஒன்றை உபதேசித்தார். அதை உருவேற்றியதும் பிரம்மராட்சசன் தோன்றினான். இட்ட வேலையைச் செய்வான், கூலி வேண்டான். ஆனால் வேலை கொடுக்காவிடில் எசமானனையே விழுங்கிவிடுவான்.

மாதக்கணக்கில் நடக்கும் என்று நினைத்த வேலைகள் சிறுபொழுதில் முடிந்தன. நிலக்கிழாரின் மகிழ்ச்சி அச்சமாயிற்று. கொடுக்க வேலை இல்லை என்ற நிலையில் மனைவியிடம் புலம்பினார். அவள் கலங்காமல், வேலை தீர்ந்தால் தன்னிடம் அனுப்புமாறு கூறினாள். தன் தலையிலிருந்து சுருண்ட மயிரிழை ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்து, இதை நேராக்கி வா என்றாள். பிரம்மராட்சசன் அதைத் தொடைமேல் வைத்து உருட்டிப் பார்த்தான், மயிர் நிமிரவில்லை. பொற்கொல்லர் கம்பியை நெருப்பில் காய்ச்சி நேராக்குவது நினைவுக்கு வர, மயிரையும் நெருப்பில் இட்டான். அது கருகிப் போயிற்று. கொடுத்த பொருளைத் திருப்பித் தர வழியின்றி அஞ்சி ஓடியவன் மீண்டும் வரவில்லை.

குருவின் இடத்தில் மனைவி

ஆர்னே, தாம்ப்சன், ஊத்தர் ஆகியோரின் கதைவகைப் பட்டியலில் இக்கதை 1175ஆம் எண்ணுக்குரியது. 'சுருண்ட மயிரை நேராக்குதல்' என்பதே அவ்வகையின் பெயர். எனவே மயிரிழை என்னும் பொருளைத் தமிழுக்கே உரியதெனக் கொள்ள இயலாது. வகை எண்ணைக் கண்டறிவதோடு ஆய்வு நின்றுவிட்டால், கதையின் தனித்தன்மை நழுவிவிடும். ஒரே வகையின் வெவ்வேறு வடிவங்களில் எது மாறுகிறது என்பதைக் காண வேண்டும்.

ஏறத்தாழ இதே காலத்தில் வங்காளத்தில் இக்கதை இருமுறை சமய உரைகளில் பதிவாகியுள்ளது. இராமகிருஷ்ணர் சொன்ன வடிவத்தில், ஆவியை வசப்படுத்தியவன் வேலை தீர்ந்ததும் தன் குருவிடம் ஓடுகிறான். சுருண்ட மயிரைக் கொடுத்து நிமிர்த்தச் சொல்லும் வழியைக் குருவே காட்டுகிறார். 1895–96இல் நியூயார்க்கில் ஆற்றிய கருமயோக உரைகளில் விவேகானந்தர் கூறிய வடிவத்திலும், ஏழை ஒருவன் மந்திரம் தந்த முனிவரிடமே திரும்பிச் செல்கிறான். நாயின் சுருண்ட வாலை வெட்டி ஆவியிடம் கொடுக்குமாறு முனிவர் கூறுகிறார். உலகமும் அவ்வாலைப் போன்றதே என்பது அங்குக் கிடைக்கும் நீதி.

அவ்விரு வடிவங்களிலும் தீர்வு துறவியரிடமிருந்து வருகிறது. நடேச சாஸ்திரியின் வடிவத்தில் துறவி மந்திரத்தைத் தந்து சிக்கலுக்கு வழிவகுத்தவர் மட்டுமே. தீர்வு மனைவியிடமிருந்து, அதுவும் அவளுடைய உடலின் ஒரு பகுதியிலிருந்து வருகிறது. இதனால் கதையின் பயனும் மாறுகிறது. வங்காள வடிவங்கள் ஆன்மிக உவமைகள். கேட்பவர் கதையைக் கடந்து நீதிக்குச் செல்ல வேண்டும். தமிழ் வடிவத்தில் அவ்வாறு கடந்து செல்லவேண்டிய இடமில்லை. வீட்டுக்குள் ஏற்பட்ட ஆபத்து வீட்டுக்குள்ளேயே தீர்கிறது. பெண்களை மையமாகக் கொண்ட கதைகள் காவிய மதிப்பீடுகளுக்கு மாற்றான ஒரு முறைமையாக இயங்குகின்றன என்று ஏ. கே. இராமானுஜன் 1991இல் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டார். ஆணைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்டு தொடங்கும் இக்கதையும், முடிவில் அம்முறைமைக்குள் வந்துவிடுகிறது.

மேல்மலையனூர்த் தொன்மம்

கணவனைப் பற்றிய ஆவியை மனைவி தந்திரத்தால் விலக்கும் நிகழ்ச்சி, செஞ்சிப் பகுதியில் நகைச்சுவைக்குரிய ஒன்றன்று, வழிபாட்டின் மையம். செஞ்சியை அடுத்த மேல்மலையனூர் அங்காளபரமேசுவரி கோயிலின் தலவரலாறு பரவலாக வழங்கும் வடிவத்தில் பின்வருமாறு அமைகிறது. சிவன் பிரமனின் ஐந்தாம் தலையைக் கொய்கிறார். அத்தலை கபாலமாக அவர் கையில் ஒட்டிக்கொள்கிறது, பிரமகத்தி பற்றுகிறது. பிச்சையாகக் கிடைக்கும் உணவையெல்லாம் கபாலமே உண்டுவிட, சிவன் பசியோடு அலைகிறார். மேல்மலையனூரில் தேவி உணவு சமைத்து, முதலிரு கவளங்களைக் கபாலத்தில் இடுகிறாள். மூன்றாவதை மயானத் தரையில் இறைக்கிறாள். சுவைகண்ட கபாலம் அதை உண்ணக் கீழே இறங்குகிறது. உடனே தேவி பேருருக் கொண்டு அதைக் காலால் மிதித்து அடக்குகிறாள். மாசி மாதம் சிவராத்திரியை அடுத்து நிகழும் மயானக் கொள்ளை விழாவில் உணவும் தானியமும் மயானத்தில் சூறைவிடப்படுவது இந்நிகழ்ச்சியை நினைவூட்டுகிறது.

இத்தொன்மமும் பிரம்மராட்சசன் கதையும் ஐந்து கூறுகளில் ஒத்துள்ளன. முதலாவது, ஆவி தானாக வந்து பற்றவில்லை. கணவனின் செயலே அதை வருவித்தது. இரண்டாவது, ஒட்டிக்கொள்வது அந்தணத் தன்மை உடையது; ஒன்று பிரமனின் தலை, மற்றொன்று பிரம்மராட்சசன். மூன்றாவது, அதற்கு நிறைவு என்பதே இல்லை; கபாலத்துக்கு உணவு போதாது, பிரம்மராட்சசனுக்கு வேலை போதாது. நான்காவது, விடுவிப்பவள் மனைவி. ஐந்தாவது, அவள் கருவி மந்திரமோ ஆயுதமோ அன்று. அன்றாட வீட்டு வாழ்வில் கையெட்டும் பொருள். அங்குச் சோற்றுக்கவளம், இங்கு மயிரிழை.

வேறுபாடும் இதேயளவு முக்கியமானது. தேவி தந்திரத்தோடு நிற்கவில்லை, பேருருக் கொள்கிறாள். மிதிபட்ட கபாலம் அவ்விடத்திலேயே இருத்தப்படுகிறது. ஆண்டுதோறும் விழாவில் அதற்கு உணவு இறைக்கப்படுகிறது. கதையில் பேருரு இல்லை. நிலக்கிழாரின் மனைவி இருந்த இடத்தில் இருந்தபடியே ஒரு மயிரைப் பிடுங்கிக் கொடுக்கிறாள். ஆவி தானே தோற்று ஓடுகிறது. அதை யாரும் வழிபட வேண்டியதில்லை. தொன்மத்திலிருந்து பேருருவை நீக்கிவிட்டால் எஞ்சுவது வீட்டுக்காரியின் சமயோசிதம். கதையின் நகைச்சுவை பிறக்கும் இடம் அதுவே. இவ்விரண்டில் ஒன்று மற்றொன்றிலிருந்து தோன்றியது என்று கொள்வதைவிட, ஒரே அமைப்பின் இரு நிலைகள் என்று கொள்வது பொருந்தும். அச்சம் ஒன்றை வழிபாடாக்கியது. சிரிப்பு மற்றொன்றைக் கதையாக்கியது.

யார் கையில் கூந்தல்?

தென்னார்க்காட்டுப் பகுதியில் கள ஆய்வு செய்த இசபெல் நபோக்கோவ், 'ரிலிஜன் அகெய்ன்ஸ்ட் த செல்ஃப்' (2000) என்னும் நூலில் பேயோட்டும் சடங்குகளை விரிவாக விளக்கியுள்ளார். பேய் பிடித்ததாகக் கருதப்படுவோருள் மணமான இளம்பெண்கள் மிகுதி. பற்றும் பேய்கள் பெரும்பாலும் அகால மரணமுற்ற ஆடவருடையவை. பம்பை முழங்க, பேயின் பெயரும் ஊரும் கேட்கப்படுகின்றன. அது வேண்டுவன பேசித் தீர்க்கப்படுகின்றன. இறுதியில் பேய் குடிகொண்டுள்ளதாகக் கருதப்படும் மயிர்க்கற்றை முடிச்சிடப்பட்டு அறுக்கப்படுகிறது. புளியமரத்தில் ஆணியால் அறையப்படுகிறது.

சடங்கையும் கதையையும் அருகருகே வைத்தால் ஒரு தலைகீழ் மாற்றம் புலப்படும். சடங்கில் பெண்ணின் கூந்தல் ஆவி நுழைந்து தங்கும் இடம். கேள்வி கேட்பவரும் சடங்கை நடத்துபவரும் ஆடவர். கதையில் ஆவியை வருவித்தவன் ஆடவன். கூந்தலுக்கு உரியவள் தானே ஓரிழையைப் பிடுங்கித் தருகிறாள். ஆவி அவளுக்குள் நுழையவில்லை. அவள் மயிரில் சிக்கிக்கொள்கிறது. சடங்கில் மயிரோடு மரத்தில் கட்டுண்பது பேய். கதையில் மயிரைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பதும் பேயே. ஆனால் அதைக் கட்டியவர் மாறிவிட்டார்.

இவ்வட்டாரத்தில் கூந்தலுக்கு மூன்றாவது நிலையும் உண்டு. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியைத் திரௌபதி வழிபாட்டின் முதன்மைத் தலமாகக் கொண்டு ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988இல் தம் ஆய்வின் முதல் தொகுதியை வெளியிட்டார். விரித்த கூந்தலை முடியேன் என்ற திரௌபதியின் சூளுரை இங்குத் தெருக்கூத்தின் வழியாக ஊரறிந்த செய்தி; படுகளத்தன்று கூந்தல் முடிக்கப்படுகிறது. இத்தகைய சூழலில் வளர்ந்த கேட்போருக்கு, ஒரு பெண் தன் கூந்தலில் கைவைப்பது பொருளற்ற செய்கையாகத் தோன்றியிராது. விளைவது போரா, சடங்கா என்று எதிர்பார்க்கும் இடத்தில், 'இதை நேராக்கி வா' என்ற ஏவல் வந்து விழுகிறது.

கூலியற்ற உழைப்பு என்னும் கனவு

கதையின் தொடக்கம் ஆவியைப் பற்றியதன்று. ஆட்கள் கிடைக்காமையைப் பற்றியது. குடிகள் ஏன் வரவில்லை என்பதைக் கதை மறைக்கவில்லை: உடையவர் கருமி. இங்கு ஏரியும் கால்வாயும் பாழாவது தற்செயலான வருணனையன்று. செஞ்சி போன்ற ஏரிப்பாசனப் பகுதிகளில் நீர்நிலைகளைப் பேணுவது குடிமராமத்து என்னும் வழக்கமான ஊருழைப்பைச் சார்ந்திருந்தது. அவ்வுழைப்பைச் சட்டத்தின் வலிமையால் பெற வேண்டிய நிலை ஏற்பட்டதை 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் காட்டுகிறது. மறுபுறம், 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைமீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதை நிறுத்தியது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் ஆள் விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. 1876–78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தின் உழைக்கும் மக்களைச் சூறையாடியது. நடேச சாஸ்திரி கதைகளை வெளியிடத் தொடங்கியது அதற்கு ஆறாண்டுகளுக்குப் பின்.

கதை இவற்றுக்கு முற்பட்டதாகவும் இருக்கலாம். அச்சேறிய வடிவம் வாசிக்கப்பட்ட காலம் இது. அக்காலச் சூழலில் பிரம்மராட்சசன் யார்? கூலி கேளாதவன், களைப்பறியாதவன், ஓடிப்போகாதவன். நிலவுடைமையாளர் விரும்பும் முழுமையான பண்ணையாள். கதை அவ்விருப்பத்தை முற்ற நிறைவேற்றிக் கொடுத்து, அதையே ஆபத்தாக்குகிறது. படியளந்து கொடுப்பவரை நம்பி வாழ்ந்த படியாளுக்கு வேலை இல்லையென்றால் பட்டினி. இக்கதையிலோ வேலை இல்லையென்றால் சாகப்போகிறவர் ஆண்டை. ஆள் ஆண்டையைச் சார்ந்து நிற்கிறான் என்ற பொதுக்கருத்து இங்குத் திருப்பிப் போடப்படுகிறது.

பிரம்மராட்சசனின் தோல்வியும் ஒரு தொழிலறிவுக் குறையால் நிகழ்கிறது. பொற்கொல்லர் செய்வதைக் கண்டிருக்கிறான். பொன்கம்பிக்கும் மயிருக்கும் வேறுபாடு அறியான். பேராற்றல் இருந்தும் பொருளின் இயல்பு தெரியாதவனைப் பொருளோடு புழங்குபவள் வெல்கிறாள். அதே வேளையில் கதையின் எல்லையையும் சுட்ட வேண்டும். மனைவி காப்பாற்றுவது நிலக்கிழாரின் வீட்டைத்தான். நிலத்துக்கு வராத குடிகளின் முறையீடு கதையின் முதற்பகுதியோடு பின்தங்கிவிடுகிறது. ஆயினும் ஓடிய பிரம்மராட்சசனை யாரும் தேடிப் பிடிக்கவில்லை. வீடு தப்பியது போலவே ஆளும் தப்பினான். சிரிப்பு இருவருக்கும் பொதுவாகிறது.

முடிவுரை

வீரமும் தவமும் இல்லாத சாதாரண மனிதர் அமானுட ஆற்றலின் முன் எதைக் கொண்டு தப்புகின்றனர் என்னும் வினாவுக்கு இக்கதை தரும் விடை, அன்றாட வாழ்வின் அறிவு என்பதாகும். வங்காள வடிவங்களில் குருவுக்குரியதாயிருந்த அவ்வறிவு தமிழ் வடிவத்தில் மனைவிக்கு உரியதாகிறது. மேல்மலையனூர்த் தொன்மத்தின் அமைப்பே பேருருவும் வழிபாடும் நீங்கிய நிலையில் இங்குக் காணப்படுகிறது. பேயோட்டும் சடங்கில் ஆவியின் இருப்பிடமாகக் கருதப்படும் கூந்தல், இங்கு ஆவியைச் சிக்கவைக்கும் கருவியாகிறது. கூலியின்றி உழைப்பைப் பெற விழையும் விருப்பம் அவ்விருப்பத்தின் நிறைவேற்றத்தாலேயே நகைக்கப்படுகிறது.

வகை எண் 1175 என்று குறித்து இக்கதையை மூடிவிட்டால் இவற்றுள் எதுவும் புலப்படாது. சிறுவர் வேடிக்கை என்று ஒதுக்கினாலும் அதே நிலை. கிங்ஸ்கோட்டின் முன்னுரையில் கடைத்தெருக் கிழவியரின் கதைகள் சிதைந்தவையாகக் கருதப்பட்டன. அவ்வகைச் சொல்முறை முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதற்குத் தன் தலைமயிரைப் பிடுங்கி நீட்டும் இப்பெண் பாத்திரமே சான்று. பண்டிதரின் ஆங்கிலத்தையும் இலண்டன் அச்சகத்தையும் கடந்து வந்த பின்னும் அவ்விழை சுருண்டே இருக்கிறது. நிலவுடைமை, சடங்கு, பெண்களின் அறிவு ஆகியவற்றை ஆராய்வோர் இத்தகைய எளிய கதைகளையும் வரலாற்று ஆவணங்களாகக் கொண்டு, அவற்றை அந்தந்த வட்டாரத் தொன்மங்களோடு வைத்துப் படிப்பது பயன்தரும்.